தொம் தேடிப் போன சனிக்கிழமை

அப்பாவின் பழைய ஒலிநாடா ஒன்றை என் அலுவலக நண்பர் கணினிக் கோப்பாக மாற்றிக் கொடுத்தார். 1988ஆம் ஆண்டு நவராத்திரிக்கு, சிராங்கூன் ரோட்டுக் கோயில் ஒன்றில் நடந்த கச்சேரி அது. பாட்டு அப்பாவின் நண்பர், மிருதங்கம் அப்பா. துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை, ஓய்வு நாளில் மிருதங்கம் என்று அவர் ஓடிக்கொண்டிருந்த காலம். முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒலிப்பதிவுப் பெட்டி. மடியில் ஒரு வயதுகூட நிரம்பாத நான்.

இப்போது அப்பாவுக்கு விரல் மூட்டுகள் இறுகிப் போய்விட்டன. மிருதங்கம் உறைக்குள் இருக்கிறது. அதனால் இந்தக் கோப்பை அவருக்குப் போட்டுக் காட்டும் நாளைப் பிறந்தநாள் போல நினைத்துக் காத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஒலியை முழுதாக ஏற்றி, பொத்தானை அழுத்தினேன்.

ஐந்து நிமிடம் கேட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்னப்பா?"

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசிக்கிறது நான் இல்ல."

"நீங்கதாம்ப்பா. நாடாவுல உங்க பேரு எழுதியிருக்கு."

"இடது கை எங்க பாப்பா? தத்தி... நம். தத்தி... நம். நடுவுல தொம் எங்க போச்சு?"

மிருதங்கம் கற்றவர்களின் முதல் பாடம் 'தத்தி தொம் நம்'. அதில் 'தொம்' இடது பக்கத்தின் சொல். வலது பக்கம் கரணை போட்ட, மணி போல ஒலிக்கும் வலந்தலை. இடது பக்கம் தொப்பி. அதில் கச்சேரிக்கு முன்னால் ரவையைக் குழைத்துப் பூசுவார்கள், ஒலி கனத்து இறங்குவதற்காக. அந்தக் கனம்தான் காணாமல் போயிருந்தது. ஆனால் ஒன்று மட்டும் கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது: கச்சேரி நடுவே வீறிட்டு அழுத கைக்குழந்தை. நான்தான்.

காரணம் எளிது. மடிக்கணினிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் சிறியது, மெலிந்தது. கொசு இறக்கை போன்ற மெல்லிய அசைவு போதும், உயர்ந்த ஒலிகள் வந்துவிடும். குழந்தை அழுகை, வளையல் சத்தம், அறிவிப்பாளர் குரல் எல்லாம் கேட்கும். தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கைவிசிறியை வைத்துக்கொண்டு கூடம் முழுவதும் காற்று வரவில்லையே என்றால் எப்படி? மடிக்கணினிகள் ஆண்டுக்கு ஆண்டு மெலிவதால் அந்தக் காற்றுக்கு இடமே இல்லை. நாம் பேச்சும் கூட்டமும் கேட்பதால் குறை தெரிவதில்லை. மிருதங்கக்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வெளி ஸ்பீக்கர் ஒன்னு மாட்டுனா சரியாயிரும்ப்பா. இணையத்துல வாங்கிரலாம்," என்றேன்.

"கேக்காம எப்படி வாங்குறது?" என்றார். சனிக்கிழமை காலை புறப்படத் தயாராக நின்றவரின் கையில் பேரங்காடிப் பை ஒன்று. உள்ளே, 80களில் எங்கள் கூடத்தில் இருந்த செட்டின் ஸ்பீக்கர், பழைய துண்டு சுற்றியபடி. மரப்பெட்டி. அதன் ஜோடி வீட்டுச் சேமிப்பறையில் இருந்தது. "வயர் மட்டும் வாங்கினா போதும். பெட்டி நம்மகிட்டயே இருக்கு."

எம்ஆர்டியில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தேக்காவில் இறங்கி ஆளுக்கொரு தோசை, ஒரு தே ஹாலியா. பிறகு சிராங்கூன் ரோட்டைக் கடந்து டன்லப் ஸ்திரீட் வழியாக நடந்தோம். அப்துல் கஃபூர் பள்ளிவாசலைத் தாண்டி ஜாலான் புசார் வந்து, வலப்பக்கம் திரும்பினால் சிம் லிம் டவர். பூக்கடை வாசமும் மசாலா வாசமும் முடிகிற இடத்தில், சோல்டர் புகை வாசம் தொடங்கும். எனக்கு இந்த நடை பிடிக்கும். பத்து நிமிடத்திற்குள் வேறு ஊருக்கு வந்துவிட்டது போலிருக்கும்.

உள்ளே போகுமுன் அப்பா சற்று நின்றார். சுங்கை ரோடு இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். பழைய பொருள் சந்தை அங்கேதான் இருந்தது. 80 ஆண்டுகளுக்கு மேல் நடந்த சந்தை. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடினார்கள். அம்மா மடிக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒலிப்பதிவுப் பெட்டி அங்கே வாங்கியதுதானாம். "தரையில துணி விரிச்சி வெச்சிருப்பான். விலை கேட்டா மூஞ்சியப் பார்த்துத்தான் சொல்லுவான்," என்றார். என்ன விலை கொடுத்தார் என்று கேட்டேன். அது மட்டும் நினைவில்லையாம். அம்மாவுக்குத் தெரியக்கூடாத விலையாக இருந்திருக்க வேண்டும்.

சிம் லிம் டவரைச் சுற்றுப்பயணிகள் அவ்வளவாகத் தேடி வருவதில்லை. வருபவர்கள் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள், பழுதுபார்ப்பவர்கள், கோயில் ஒலிபெருக்கிக்காரர்கள், எதையாவது பிரித்துவிட்டு மாட்டத் தெரியாமல் விழிப்பவர்கள். கண்ணாடிப் பெட்டிகளில் மிளகு, கடுகு போலக் கொட்டி வைத்திருக்கும் மின்பாகங்கள். சுருள் சுருளாக வயர்கள், மீட்டர் கணக்கில். பெயர் தெரியாத பொருளைக் கைப்பேசியில் படம் காட்டிக் கேட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் ஏதோ ஓர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒரு கடையில் எழுபதை எட்டும் சீனப் பெரியவர் இருந்தார். அப்பாவும் அவரும் பேசியது பசார் மலாய். இரண்டு பேருக்கும் அதுதான் பொதுமொழி. என் தலைமுறை அதை ஏறக்குறையத் தொலைத்துவிட்டது. அப்பா துண்டை விலக்கிப் பெட்டியைக் காட்டினார். பெரியவர் முன்பக்கத் துணியை மெல்லக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருந்த கறுப்பு நுரை வளையத்தில் கட்டைவிரலை வைத்தார். பழைய அப்பளம் போல அது உதிர்ந்தது.

"சுடா மாத்தி லா," என்றார்.

செத்துப்போய்விட்டது என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தக் கால நுரை வளையங்கள் இப்படித்தான் பொடியாகுமாம். மாற்றலாம், ஆனால் அதற்கு ஆள் தேட வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார். நுரை நன்றாக இருந்திருந்தாலும் வயர் மட்டும் போதாது. மடிக்கணினியின் காதுத்துளையிலிருந்து வரும் சக்தி காதில் மாட்டுகிற கருவிக்கு மட்டுமே காணும். இந்தப் பெட்டிக்கு நடுவில் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். இப்போது விற்கும் மேசை ஸ்பீக்கர்களில் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் அவற்றை மின்சாரத்திலோ யுஎஸ்பியிலோ சொருகவேண்டியிருக்கிறது. "கரண்டித் தண்ணியில ஆனையக் குளிப்பாட்ட முடியாதுங்கிறார்," என்று அப்பா எனக்கு மொழிபெயர்த்தார். பெரியவர் ஆனையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அவர் நினைத்திருந்தால் ஆம்ப்ளிஃபையர், வயர், பிளக் என்று எங்களிடம் நல்ல வியாபாரம் பார்த்திருக்கலாம். எதிர்ப்பக்கம் கைகாட்டினார். புதிதாக ஒரு ஜோடி வாங்குங்கள், ஆனால் உங்கள் பாட்டைப் போட்டுக் கேட்டு வாங்குங்கள் என்றார். பெட்டியை அவரிடமே விட்டுவிடலாமா என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லாமல் துண்டைச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் சிம் லிம் ஸ்குவேர். கடக்கும்போது, வண்ண வண்ணமாக நின்ற ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிகள் இருந்த பக்கம் கண் தானாகப் போகிறது. வடக்கு-தெற்குச் சாலைத் திட்டத்துக்காக அவை இடிக்கப்பட்டுவிட்டன. இந்தப் பக்கத்தில் நிலைத்திருப்பது எது, போகப்போவது எது என்று சொல்ல முடியாது. சிம் லிம் ஸ்குவேரையே 2019ல் 1.25 பில்லியன் வெள்ளிக்குக் கூட்டாக விற்றுவிடப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

இந்தக் கட்டடத்தின் பெயர் கெட்ட கதை எல்லாருக்கும் தெரியும். 2014ல் ஒரு வியட்னாமியச் சுற்றுப்பயணி கைப்பேசிக் கடை ஒன்றின் முன் மண்டியிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்ட காணொளி உலகம் முழுவதும் ஓடியது. அதன் பிறகு 'சிம் லிம் போகிறேன்' என்றாலே 'பார்த்துப் போ' என்பார்கள். ஆனால் மேல் மாடிகளில் கணினிப் பாகம் விற்ற கடைகளில்தான் எங்கள் தலைமுறை தன் முதல் கணினியைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்தது. கடைக்குக் கடை விலைப்பட்டியல் தாளை வாங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்த சனிக்கிழமைகள் எனக்கு உண்டு.

கணினியில் ஒலி என்பதே நம் ஊருக்குச் சொந்தமான கதைதான். சிம் வோங் ஹூ 1981ல் சைனாடவுனின் பெர்ல்ஸ் சென்டரில் சிறிய கணினிக் கடையாகத் தொடங்கிய நிறுவனம் கிரியேட்டிவ். 1989ல் அவர்கள் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை, வெறும் 'பீப்' என்று கத்திக்கொண்டிருந்த கணினிகளைப் பாடவும் பேசவும் வைத்தது. அவர் 2023 ஜனவரியில் காலமானார். பெர்ல்ஸ் சென்டரும் இப்போது இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப உன் லேப்டாப்ல மட்டும் ஏன் தொம் வரல?" என்றார்.

முதல் கடையில் இளைஞர் ஒருவர் உற்சாகமாக வரவேற்று, இரண்டு சிறு பெட்டிகளும் கீழே வைக்கும் ஒரு பெரிய பெட்டியும் கொண்ட செட்டைப் போட்டுக் காட்டினார். அட்டையில் வாட் கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது. (அட்டையில் பிஎம்பிஓ என்று போட்டிருந்தால் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள்; அது ஒரு நொடியின் துணுக்கில் எட்டுவதாகச் சொல்லும் கற்பனைக் கணக்கு. ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதுதான் பேச்சுக்குரியது.) அவர் போட்ட நடனப் பாட்டுக்குக் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. பிறகு என் மடிக்கணினியை இணைத்து அப்பாவின் கச்சேரியைப் போட்டோம்.

தொம் வந்தது. கடை முழுக்க வந்தது. எல்லாத் தொம்மும் ஒரே தொம்மாக வந்தது.

அப்பா தலையை ஆட்டினார். "இது தொம் இல்ல, இடி."

இடது கையில் கும்கி என்று ஒன்று உண்டு. தொப்பியைத் தட்டிவிட்டு, மணிக்கட்டால் தோலை அழுத்தித் தேய்த்து ஒலியை வழுக்கிக்கொண்டு போவது. பேசுவது போல, கொஞ்சம் கெஞ்சுவது போலக் கேட்கும். அந்தப் பெரிய பெட்டிக்கு ஒரே சுருதியில் முழங்கத்தான் தெரிந்தது; வழுக்கத் தெரியவில்லை. எல்லா மூன்று பெட்டி செட்டுகளும் அப்படி இல்லை. ஆனால் மலிவான பலவற்றில் இந்தக் கோளாறு உண்டு. வெடிச்சத்தம் நிறைந்த படங்களுக்கு அது போதும், மிருதங்கத்துக்குப் போதாது.

நான்காவது மாடியோ ஐந்தாவது மாடியோ, ஒரு மூலைக் கடையில், அதிகம் பேசாத பெண் ஒருவர் இரண்டே பெட்டிகள் கொண்ட ஜோடியை எடுத்து வைத்தார். நான்கு அங்குலக் கூம்பு. ஆம்ப்ளிஃபையர் வலப் பெட்டிக்குள். கச்சேரியைப் போட்டேன். அப்பா கைப்பையைத் தரையில் வைத்தார். அதுவரை வைக்கவே இல்லை. கண்ணை மூடினார். இடது கை தொடையில் மெல்ல அசைந்தது.

129 வெள்ளி. அப்பா பேரம் பேசி 124க்குக் கொண்டுவந்து, கூடவே ஒரு நீளமான வயரும் வாங்கிக்கொண்டார். சிம் லிமில் சொன்ன விலைக்கு வாங்கினால் அவருக்குத் தூக்கம் வராது.

வீட்டுக்கு வந்ததும் மாட்டும் வேலை என்னுடையது. முதலில் வயரே வேண்டாம் என்று புளூடூத்தில் இணைத்தேன். பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் அப்பா ஒரு மிருதங்கக் காணொளியைப் போடச் சொன்னார், உடனே முகம் சுளித்தார். "கை விழுந்த பிறகுதான் சத்தம் வருது." கம்பியில்லா இணைப்பில் ஒலி கொஞ்சம் பிந்தும், பல செயலிகள் படத்தையும் சேர்த்துப் பிந்த வைத்துச் சமாளிக்கும், இது சமாளிக்கவில்லை. வயரை எடுத்துக் காதுத்துளையில் சொருகினேன். அப்போதும் ஒலி மடிக்கணினியிலிருந்தே வந்தால் பயப்பட வேண்டாம். ஒலி அமைப்பில் போய் வெளிவரும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் மடிக்கணினியில் காதுத்துளையே இல்லாவிட்டால் யுஎஸ்பி-சி வழியாக மாற்றும் சிறு வயர் கிடைக்கும்.

இன்னொரு பழக்கத்தையும் அன்றுதான் மாற்றிக்கொண்டேன். மடிக்கணினியில் ஒலியைக் குறைத்து வைத்து ஸ்பீக்கர் திருகியை முழுதாகத் திருப்பினால் 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து பெருகும். தலைகீழாகச் செய்யவேண்டும்: மடிக்கணினியில் முழுதுக்குச் சற்றுக் குறைவாக, ஸ்பீக்கரில் அளவாக.

அதன் பிறகும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். தம்பூராவோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. மாட்டியதும் வந்தது. சார்ஜர், ஸ்பீக்கர் இரண்டும் வெவ்வேறு வழியில் மின்சாரம் எடுக்க, நடுவில் இருக்கும் ஒலி வயர் அந்தச் சுற்றில் மாட்டிக்கொள்வதால் வரும் தொல்லை இது. அன்றைக்குச் சார்ஜர் இல்லாமல் ஓட்டினோம். அடுத்த வாரம் சிம் லிம் டவர் பெரியவரிடம் போய் முனகல் செய்து காட்டினேன். நான் 'ம்ம்ம்' என்று முடிப்பதற்குள் கட்டைவிரல் அளவுப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார், 12 வெள்ளி. வயரின் நடுவில் மாட்டினேன், முனகல் போய்விட்டது. ஸ்பீக்கரில் யுஎஸ்பி ஒலி உள்ளீடு இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம், சில சமயம் அதிலேயே தீரும் என்றும் சொன்னார். எங்களுடையதில் அது இல்லை.

இடம் வைப்பதில் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. நான் இரண்டையும் மேசையின் பின்னால், சுவரோடு ஒட்டி, மடிக்கணினியின் இருபக்கமும் நெருக்கமாக வைத்திருந்தேன். இடம் மிச்சமாகும், பார்க்கவும் அழகு. சுவரை ஒட்டினால் தாழ்ந்த ஒலி வீங்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பா ஒரு சாண் முன்னால் இழுத்தார். வீக்கம் வடிந்தது. இரண்டையும் விலக்கி, தன் நாற்காலிக்கும் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம் வரும்படி செய்தார். லேசாகத் தன் பக்கம் திருப்பினார். காது உயரத்துக்கு வர, அடியில் தடிப் புத்தகங்கள். மேசை அதிராமலிருக்க என் பழைய யோகா விரிப்பிலிருந்து வெட்டிய துண்டுகள்.

"இப்ப கேளு. பாட்டு எங்கேருந்து வருது?"

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. ஒரே மைக்கில் பதிந்த நாடா அது. சரியாக வைத்தால் அப்படித்தான் நடுவில் வந்து உட்காருமாம். உங்கள் வீட்டிலும் பழைய பாட்டு ஒன்றைப் போட்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் சாய்ந்தால் பெட்டியை நகர்த்துங்கள்.

இரவு எட்டு மணி. பக்கத்து வீட்டாரை நினைத்து ஒலியை அளவாக வைத்தோம். சமையலறையிலிருந்து அம்மாவும் வந்து உட்கார்ந்தார். முதல் முறையாகக் கோயில் மண்டபத்தின் அகலம் தெரிந்தது. அம்மாவின் இருமல், யாரோ நாற்காலி இழுத்தது, பிறகு என் அழுகை. மடிக்கணினியில் அதுதான் பெரிதாகக் கேட்டது. இப்போது மிருதங்கத்துக்குப் பின்னால், தூரத்தில் போய்விட்டது. கும்கி வழுக்கிக்கொண்டு வந்தபோது அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா பார்க்கவில்லை. இறுகிய விரல்களை மடக்க முடியாமல், உள்ளங்கையால் மட்டும் தொடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

தனி ஆவர்த்தனம் முடியும் இடத்தில் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. திருப்பிப் போடு."

போட்டேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "கோர்வையில ஒரு தொம் விட்டுட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு. "அன்னிக்கு ஒரு தப்புகூட விடலன்னு இத்தனை வருஷமா எங்ககிட்ட சொல்லிட்டிருந்தீங்க?"

அப்பா ஸ்பீக்கரை ஒரு பார்வை பார்த்தார்.

"லேப்டாப்புல நல்லாத்தான் வாசிச்சிருந்தேன்," என்றார். பிறகு, "போடு பாப்பா, முதல்லேருந்து."